ரிப்பனுக்கு இந்தப் பக்கம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் நலம்தானே என்று கேட்பது அடுத்த முறை, கேட்டுவிட்டேன். உங்கள் அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் என்னுடைய சிவப்புக் கரைத் துண்டு துவைத்துக் காய்வதை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே தினமும் பார்க்கிறேன். பிறத்தியார் துண்டைத் துவைத்துப் போடுகிற அளவுக்குத் தெம்பு இருப்பவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

இத்தனை வருஷமாக வாடா, போடா என்று பேசியவன் திடீரென்று 'அவர்கள்' போட்டு எழுதுகிறேனே என்று யோசிக்க வேண்டாம். கோபம் வந்தால் நான் மரியாதையாகத்தான் பேசுவேன். போனில் பேசியிருக்கலாமே என்றும் கேட்க வேண்டாம். போன் அடித்தால் உங்கள் அக்கா எடுப்பாள். எடுத்ததும் "எப்ப வர்றீங்க" என்பாள். அதற்கு என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை. ஆகவே கடிதம். பால்காரர் தினமும் பாலத்தைத் தாண்டி உங்கள் கரைக்கு வருகிறவர் என்பதால் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பாலத் திறப்பு விழாவுக்கு வந்த தலைமை விருந்தினரை நான் விரட்டிவிட்டதாக உங்கள் கரையில் பேசிக்கொள்கிறார்களாம். என் கரையிலும் அதையேதான் பேசுகிறார்கள், கொஞ்சம் கைகால் வைத்து. நான் யாரையும் விரட்டவில்லை. வழி சொன்னேன். நடந்தது என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் உங்கள் அக்காவிடம் எடுத்துச் சொல்ல முடியும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

உங்களுக்கே தெரியும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் ரயில்வே கேட்டில் இருந்தவன். கேட்டைச் சாத்துவது பெரிய வேலை இல்லை, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சாத்திய கேட்டை ஸ்டேஷனிலிருந்து போன் வரும்வரை திறக்காமல் இருப்பதுதான் வேலை. ஹாரன் அடிப்பார்கள், கெஞ்சுவார்கள், இறங்கி வந்து என் அப்பாவையும் சேர்த்துத் திட்டுவார்கள். காதில் பஞ்சை வைத்த மாதிரி நிற்க வேண்டும். ஒரு தடவை என் மேலதிகாரியின் ஜீப்பையே நிறுத்தி வைத்தேன். அவர் ஜீப்பை விட்டு இறங்கி வந்து என் கையைக் குலுக்கிப் பாராட்டினார். அடுத்த வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. புதிய கேட்டுக்குப் போன அன்றும் நான் அதே மாதிரிதான் நின்றேன். கேட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு உங்கள் அக்கா இதையெல்லாம் பார்த்தவள்தான். அவளுக்கு நான் புதிய ஆள் இல்லை.

ஓய்வு பெற்று இந்தக் கரையில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் தம்பி வீட்டு மாடி தெரிகிறது என்று சந்தோஷப்பட்டாள். தெரிகிறதே தவிர, சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் ஒரு முழுப் பொழுது போய்விடும். ஜன்னலில் நின்று, "தம்பி வீட்டுல இன்னைக்குப் போர்வை துவைச்சிருக்காங்க" என்பாள். "பாலம் வரட்டும், நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்பேன். அவள் ஜன்னலில் நின்ற ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல்லை நான் இன்றுவரை மாற்றவில்லை. பாலம்தான் இன்னும் முறைப்படி வந்து சேரவில்லை.

திறப்பு நாளன்று நாம் பேசி வைத்திருந்த ஏற்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ரிப்பன் வெட்டியதும் நாங்கள் இங்கிருந்து நடந்து வருவது, நீங்கள் அங்கிருந்து நடந்து வருவது, நடுப்பாலத்து விளக்குக் கம்பத்தடியில் சந்திப்பது, அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது. உங்கள் அக்கா புதுச் செருப்பு வாங்கி, அது கடிக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகியிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாலத்து வாசலில் காண்டிராக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரிப்பன் கட்டுகிற பித்தளைக் கம்பம் ஒரு ஜோடிதான் வாடகைக்குக் கிடைத்ததாம், அதையும் உங்கள் கரைக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டார்களாம். இந்தக் கரையில் ரிப்பனை ஆள்தான் பிடிக்க வேண்டும். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, இதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது. ஒரு அரைமணி நேரம் இந்த முனையைப் பிடிச்சுக்கங்க."

"எப்ப விடணும்?"

"நான் விடச் சொல்றப்ப விடுங்க."

"நீங்க சொல்லலைன்னா?"

"அது எப்படிங்க சொல்லாம இருப்பேன்?"

மைத்துனர் அவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கவும். இதுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு. "ஏங்க, ரிப்பன் பிடிக்கவா வந்தோம்?" என்றாள் உங்கள் அக்கா. "பொறு, அரைமணிதானே" என்று சொல்லி, வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளட்டும் என்று என் துண்டை அவளிடம் கொடுத்தேன். துண்டு உங்கள் கொடிக்கு வந்த வழி இதுதான்.

ரிப்பனின் மறுமுனையைத் தையல்காரர் பிடித்துக்கொண்டார். ரிப்பன் அவர் கடையிலிருந்து வந்தது. விழா முடிந்ததும் மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு போக வந்திருந்தார். அரைமணி ஆயிற்று, இன்னொரு அரைமணியும் ஆயிற்று, தலைமை விருந்தினரைக் காணோம். காண்டிராக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "தோ வந்துட்டே இருக்காரு" என்றபடி எங்கோ போனவர் கண்ணில் படவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. தையல்காரர் சுற்றும் முற்றும் பார்த்து, சாலை போட்டவர்கள் விட்டுப் போன காலித் தார் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து தன் முனையை அதில் கட்டிவிட்டார். "டிரம்முக்குக் கை வலிக்காது பாருங்க. உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம். என்னை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்களே ஒழிய டிரம்மை நம்பிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

அதற்குள் ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. முதலில் ஒரு சைக்கிள்காரன் தலையைக் குனிந்து ரிப்பனுக்குக் கீழே நுழைந்தான். அவன் பின்னாலேயே பள்ளிக்கூடம் முழுக்க நுழைந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் பெரிய டிரம்மைச் சாய்த்துப் படுக்க வைத்து, தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். பழக்கதோஷத்தில் நான் "ரயில் வருது, ரயில் வருது" என்று கத்தியது உண்மைதான். அதைச் சொல்லி ஊர் சிரிப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தருக்காகவும் நான் ரிப்பனை உயர்த்தவில்லை. விழாவுக்கென்று வந்த கூட்டமெல்லாம் விழா நடக்காமலேயே பாலத்தைப் பார்த்து, கைப்பிடிச் சுவரைத் தட்டி, ஆற்றில் கல் போட்டு, திரும்பி வந்து, மறுபடியும் குனிந்து வெளியே போயிற்று. அந்தப் பாலத்தில் கால் வைக்காத ஒரே ஆள், பாலம் திறக்க ரிப்பன் பிடித்துக்கொண்டு நின்ற நான்.

உங்கள் அக்கா ரொம்ப நேரம் என் பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "நான் போய் விளக்குக் கம்பத்துகிட்ட நிக்கிறேன். தம்பி அங்க காத்துட்டிருப்பான். நீங்க உங்க வேலையை முடிச்சுட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு முதுகு வளையாது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே நான் கையை உயர்த்திக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் யாருக்காவது கேட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன் என்றால் அது அன்றைக்குத்தான். இதையும் அவளிடம் சொல்லவும். கவனித்திருக்க மாட்டாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஹாரன் சத்தம். சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறேன், பாலத்தின் உள்ளேயிருந்து கார் வருகிறது. டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, ரிப்பனைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார்.

"யார் வண்டி?"

"தலைமை விருந்தினர் வண்டி."

"தலைமை விருந்தினர் வெளிப்பக்கத்துலேர்ந்துல்ல வரணும்? திறக்காத பாலத்துக்குள்ள எப்படி வந்தீங்க?"

பின்பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. அவரே பேசினார். நல்ல மனிதர், இன்றைக்கும் அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. "அந்தக் கரையில வெட்டித் திறந்துட்டேங்க" என்றார்.

"அந்தப் பக்கம் திறந்திருக்கலாம் சார். இந்தப் பக்கம் சாத்தியிருக்கு."

நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன தவறு? லெவல் கிராசிங்கில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கேட், இந்தப் பக்கம் ஒரு கேட். ஒன்றைத் திறந்துவிட்டால் இன்னொன்று தானாகத் திறந்துகொள்ளுமா? அவரும் இதை ஒப்புக்கொண்டார். "சரி, இறங்கி இதையும் வெட்டிடறேன், கத்தரிக்கோல் குடுங்க" என்றார். கத்தரிக்கோல் எங்கே இருந்தது? உங்கள் துணிக்கடைக் கத்தரிக்கோல் அது. உங்கள் கரையில் வெட்டியானதும் கடைக்கு வியாபாரத்துக்கு வேண்டும் என்று கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் விளக்குக் கம்பத்தடிக்கு வந்தீர்கள். ஊரெல்லாம் என்னைக் குறை சொல்கிறது, அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். பெரிய பதவியில் இருப்பவர், அவ்வளவு பணிவாகக் கேட்கிறார்.

"வந்த வழியே திரும்பிப் போய், சுத்தி வந்து, இந்தப் பக்கம் நின்னு வெட்டணும் சார். உள்ளேர்ந்து வெட்டினா அது திறப்பு ஆகாது, வெளியேறினதாத்தான் ஆகும்."

அவர் எனக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். எங்கள் கரையில் போட்டிருந்த மேடையில் வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் நன்றியுரைக்குமாக ஒரு வரிசையே கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவர் முகத்தில் கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட மாதிரி ஒரு தெளிவு வந்தது. "ரொம்பச் சரியாச் சொன்னீங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டி பின்னாலேயே போய்த் திரும்பியது. நடுப்பாலத்தில் வெயிலில் நின்றிருந்த உங்கள் அக்காவையும் உங்களையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார் என்று பால்காரர் சொன்னார். சுற்றிக்கொண்டு அவர் இன்னும் வந்து சேரவில்லை.

காண்டிராக்டர் ஓடி வந்து, "அவரு எங்க?" என்றார். "சுத்தி வர்றாரு" என்றேன். அவர் அப்படியே தையல்காரரின் தார் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து என்னென்னவோ சொன்னார். அதையெல்லாம் குடும்பக் கடிதத்தில் எழுத முடியாது. ஆனால் விடுங்கள் என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவே இல்லை. எனவே பொழுது சாயும்வரை நின்றுவிட்டு, இன்னொரு டிரம்மை உருட்டி வந்து என் முனையை அதில் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் விடவில்லை, கட்டினேன். இந்த வித்தியாசம் முக்கியம்.

இப்போது நிலைமை இதுதான். ஊர் முழுக்க அந்தப் பாலத்தில் போகிறது, வருகிறது. ஆட்கள் ரிப்பனுக்குக் கீழே குனிகிறார்கள், வண்டிக்காரர்கள் டிரம்மை நகர்த்திவிட்டுப் போகிறார்கள். நான் காலையில் போய் டிரம்மை மறுபடி இடத்தில் வைத்து ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன். திறக்காத பாலத்தில் நான் எப்படி நடந்து வருவது? அன்றைக்கு அத்தனை பேரையும் தடுத்தவன், அத்தனை பெரிய மனிதரையே திருப்பி அனுப்பியவன், இன்று நானே குனிந்து நுழைந்தால் நன்றாக இருக்குமா? பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வரலாம்தான். பாலத்தில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னவன் பஸ்ஸில் வந்து இறங்கினால் உங்கள் அக்கா என்ன நினைப்பாள். அவளோ பால்காரரிடம், "பாலம் வந்தா கூட்டிட்டுப் போறேன்னார். பாலம் வந்தாச்சு, நானும் வந்தாச்சு. அவர் வந்து கூப்பிட்டா வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் ஆறு இருக்கிறது.

வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேயிலை டப்பா மட்டும் கிடைக்கவில்லை. பால்காரர் மூலம் கேட்டேன், "மேல்தட்டுல பிஸ்கட் டப்பாவுக்குள்ள" என்று மறுநாள் பதில் வந்தது. தேயிலையைப் பிஸ்கட் டப்பாவில் வைத்தால் பிஸ்கட்டை எதில் வைத்திருக்கிறாள் என்று கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை. பால் இரண்டு தடவை பொங்கி அடுப்பு அணைந்தது. குக்கர் விசில் அடித்ததும் பழக்கத்தில் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டேன். நான் வெளியே, சாவி உள்ளே, குக்கர் விடாமல் விசில் அடிக்கிறது. தையல்காரர் பின்பக்கத்து ஜன்னல் வழியாக நுழைந்து அடுப்பை அணைத்தார். அந்த ஜன்னலில்தான் உங்கள் அக்கா நிற்பாள். இப்போது நான் நிற்கிறேன். மாலையில் உங்கள் மாடியில் துணி எடுக்க யாரோ வருகிறார்கள், யார் என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரிவதில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

சொல்ல வந்தது இதுதான். நீங்கள் உங்கள் கரையில் செல்வாக்கான ஆள். தலைமை விருந்தினரைப் போய்ப் பார்த்து, கையோடு அந்தக் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, அவரை எங்கள் கரைக்குச் சுற்றி அழைத்து வர வேண்டும். மேடை கிடையாது, பேச்சு கிடையாது என்று என் பெயரில் உத்தரவாதம் கொடுக்கலாம். அவர் வெட்டிய அடுத்த நிமிஷம் நான் பாலத்தில் இருப்பேன். அதுவரை என் நிலையிலிருந்து நான் இறங்குவதாக இல்லை என்பதை உங்கள் அக்காவிடம் தெளிவாகவும், கொஞ்சம் மெதுவாகவும் சொல்லவும்.

உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து, யாரும் ரிப்பன் பிடிக்கச் சொல்லாத உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். உங்கள் கடையில் வியாபாரம் பெருகட்டும், கத்தரிக்கோல் உட்பட.

இப்படிக்கு,
உத்தரவுக்குக் காத்திருக்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: டேய், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. காலையில் பால்காரரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல, "நேத்து அக்கா என்ன கேட்டாங்க?" என்றேன். தினமும் அவள் "சாப்பிட்டாரா?" என்று கேட்டு அனுப்புவாள், நான் "ஆச்சு" என்று சொல்லி அனுப்புவேன். அவர், "நேத்து ஒண்ணும் கேக்கலைங்க" என்றார். உடம்பு சரியில்லையா என்றேன். "நல்லாத்தான் இருக்காங்க. பிள்ளைங்களோட சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. கேக்கத்தான் இல்ல" என்றார். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ரிப்பனுக்கு முன்னால் போய் நின்றேன். குனியலாம் என்று பார்த்தால் என் முழங்காலும் மடங்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எத்தனை ஹாரன் கேட்டவன் நான். போன் வரவில்லை, காண்டிராக்டர் சொல்லவில்லை, ஒருத்தரும் சொல்லவில்லை. நானே முடிச்சை அவிழ்த்தேன். லாரிக்காரர் கையைக் காட்டிவிட்டுப் போனார். யாரும் கைதட்டவில்லை, ஒரு நாய் மட்டும் பார்த்தது. விளக்குக் கம்பத்தடியில் கொஞ்சம் நின்று திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு நான் நின்ற இடம் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இந்நேரம் கடையில் இருப்பாய். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினால் யார் எடுப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். எடுத்துப் படிக்கிறவர்கள் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில்: இன்னும் சாப்பிடவில்லை. நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை. கதவைத் தட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து திறந்தாலும் சரி, இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.